காணி என்று அடிக்க நாலு விரல்

ஒட்டுசுட்டான் சந்தி. உரக்கடைக்குப் பக்கத்தில்
பவளராசா அண்ணையின் போட்டோக்கொப்பிக் கடை.
ஒரு பக்கம் ரைப் அடிக்க நூறு ரூபா.
நாலு வருசம் இரண்டு விரலால் அடித்தேன்,
கோழி குரக்கன் பொறுக்குவதுபோல,
தலை குனிந்தபடி.

வேகமாய்த்தான் கொத்தினேன்.
யானை மிதித்த வயலுக்கு நட்டஈடு,
தொலைந்த அடையாள அட்டை,
கடைசி வயலுக்கு வந்துசேராத வாய்க்கால் தண்ணி,
எல்லாவற்றையும் சனம் என் உச்சந்தலைக்குச் சொன்னது.

மாசியில் ஒருத்தி வந்தா.
நீலக்குடையை வாசலில் சாத்தினா.
"தங்கச்சி, அந்தக் கடிதத்தை இன்னொருக்கா எடுக்கலாமோ?"
"எந்தக் கடிதம்? பேரென்ன அக்கா?"
கொஞ்சநேரம் பேசாமல் நின்றா.
"மூண்டு தரம் வந்திட்டன்.
இந்தக் கதிரையிலைதான் இருந்தனான்."

குரல் தெரிந்தது.
முத்தையன்கட்டு வலதுகரை, மூன்று ஏக்கர்,
வடக்கெல்லையில் ஒரு பாலை,
எழுத்துக்கு எழுத்து தெரிந்தது.
முகம் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
மூக்குத்தித் துளை தூர்ந்துபோயிருந்தது.

அன்றிரவு விசைப்பலகைமேல் துவாயை விரித்து
கைகளை உள்ளே விட்டேன்,
புற்றுக்குள் விட்டதுபோல.

பாமினி.
இடக்கைக்கு யளனக, வலக்கைக்கு தமட.
க-வின் மேலும் த-வின் மேலும்
கடுகளவில் ஒவ்வொரு பரு.
நாலு வருசமாய் அதை அச்சுப் பிசகு என்று நினைத்திருந்தேன்.
இருட்டில் வீடு தடவி வருவதுபோல
சுட்டுவிரல் இரண்டும் அங்கேதான் திரும்பி வரவேண்டும்.
கதவு என்ற சொல்லே
அந்த இரண்டு பருவிலும்தான் தொடங்குகிறது.

முதல் இரண்டு கிழமையும் நான் ஆமை.
அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார்.
"ஓடுற சைக்கிளை ஏன் பிள்ளை கழட்டுறாய்?"
கணக்குப்படி அவர் சொன்னது சரி.
அழுகை வந்தது. துவாய் அதற்கும் உதவியது.

பெரிய கரைச்சல் வலது சின்னவிரல்.
தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கும்போதுகூட
ஒரு வேலையும் செய்யாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.
அதன் தலையில்தான் புள்ளி.
இகரக் கொக்கியும் அதன் தலையில்தான்.
புள்ளி தவறினால் அம்மா அமமா.
கொக்கி தவறினால் காணி காண.
ஒருவரின் கடிதம் முழுக்க
"எனது காண எனக்கு வேண்டும்" என்றே போய்,
செயலகத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பினார்கள்.
காசைக் கொடுத்துவிட்டேன்.
அந்தத் தாளை எறிய மனம் வரவில்லை.

காணி:
இடச் சுட்டுவிரல், வலச் சுட்டுவிரல்,
இடச் சின்னவிரல், வலச் சின்னவிரல்.
பஸ்ஸுக்கு நிற்கையில் தொடையில் அடித்தேன்.
உள்ளி உரிக்கையில் சுளகு விளிம்பில் அடித்தேன்.
ஆனியில் ஒரு பின்னேரம், மழை, கரண்ட் போய்விட்டது.
மடிக்கணினியில் பாதிப் பக்கம் அடித்து முடித்த பிறகுதான்
துவாயை வீட்டில் விட்டுவந்தது ஞாபகம் வந்தது.

இப்போது நாளுக்குப் பதினெட்டுப் பக்கம்.
முந்தி ஒன்பது.
கழுத்து நோ இல்லை.
அண்ணை கதிரைக்கு ஒரு தலகணி வாங்கி வைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் இதைக் கேளுங்கள்:
யானைக்காரச் சிவபாதம்
தென்னங்கன்று இருபது என்று சொல்லும்போது
காதைச் சொறிகிறார்.
"எட்டோ ஐயா?" என்றேன்.
"பன்ரெண்டு போடும்," என்றார்.

நேற்று நீலக்குடை வந்தது.
"வாங்கோ யோகமலர் அக்கா."
அவ சொல்லச் சொல்ல விரல்கள் தம்பாட்டில் போயின.
"என்ரை இவர்," என்று தொடங்கி நிறுத்தினா.
மின்விசிறியைப் பார்த்தா. சேலைத் தலைப்பை மடித்தா.
முந்தியென்றால் அதைக் காற்புள்ளி என்று நினைத்திருப்பேன்.
இரண்டு பருவிலும் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.
"அதை விடும், தங்கச்சி."
விட்டேன்.

அடுத்த வரி காணி.
நாலு விரலும் போய் வந்தன.
நான் அவவைப் பார்க்க,
அவ திரையைப் பார்த்து,
"இதிலை ஒரு எழுத்து விடுபட்டுக் கிடக்கு," என்றா.
உண்மைதான்.